மேகம் மறைத்தாலும் வயலைப் பார்க்கும் ரேடார் செயற்கைக் கோள்

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரிப் படுகையில் வானம் வெளுத்திருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சம்பாவும் தாளடியும் நடவு முடிந்து தூர் கட்டுகிற நேரம் அது. வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். வடிகால் வாய்க்கால் நிரம்பி, வரப்புக்கு மேல் தண்ணீர் நின்று, பயிர் மூழ்கிக் கிடக்கும்போது விவசாயியின் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: "இதை யார் பார்த்தார்கள்? நாளைக்கு யார் சாட்சி சொல்வார்கள்?"

அதிகாரிகள் ஒவ்வொரு வயலுக்கும் உடனே வந்துவிட முடியாது. வானிலிருந்து படம் எடுக்கும் சாதாரண செயற்கைக் கோள்களுக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும். இந்தக் குறையைப் போக்க வந்தவையே ரேடார் செயற்கைக் கோள்கள். மேகம் இருந்தாலும், இருட்டாக இருந்தாலும் இவை நிலத்தைப் படம் எடுத்துவிடும். தமிழ்நாட்டில் நெல் சாகுபடிப் பரப்பைக் கணக்கிடுவதிலும், பயிர்க் காப்பீட்டிலும் இப்படங்கள் பயன்பட்டு வருகின்றன. அதனால் இந்தக் கோள் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்பதைச் சிறு விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது. காப்பீட்டுப் பணம் கூடுவதும் குறைவதும் சில சமயம் அதைப் பொறுத்திருக்கிறது.

ரேடார் எப்படிப் பார்க்கிறது?

நாம் வயலைப் பார்ப்பது சூரிய வெளிச்சத்தால். வெளிச்சம் பயிர் மேல் பட்டு நம் கண்ணுக்கு வருகிறது. சாதாரண செயற்கைக் கோளும் அப்படித்தான். வெளிச்சம் மேகத்தைத் தாண்டாது; ஆகவே மழைக்காலத்தில் அதற்குக் கண் தெரியாது.

ரேடார் கோள் சூரியனை நம்பி இருப்பதில்லை. தானே வானொலி அலை போன்ற நுண்ணலையைத் தரையை நோக்கி அனுப்புகிறது. அது தரையில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிப் பதிவு செய்கிறது. கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது அல்லவா? அதைப் போன்றதுதான் இது. எதிரொலி பலமாக வந்த இடம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். எதிரொலியே வராத இடம் கறுப்பாகத் தெரியும். இந்த நுண்ணலையை மேகம் தடுக்காது. ஆகையால் இரவு, பகல், மழை, வெயில் எல்லாம் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு வயலைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் கிலோமீட்டர் கணக்கில் நீளமான ஆண்டெனா வேண்டும். அதை யாரால் வானத்தில் நிறுத்த முடியும்? 1951ஆம் ஆண்டில் கார்ல் வைலி என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு வழி கண்டார். சிறிய ஆண்டெனா பறந்துகொண்டே பல இடங்களிலிருந்து எதிரொலிகளை வாங்கட்டும். பிறகு அவற்றைக் கணக்குப் போட்டு ஒன்றாகச் சேர்த்தால், ஒரே நீள ஆண்டெனாவால் பார்த்தது போல ஆகிவிடும் என்பதே அவருடைய யோசனை. இந்த முறையில் பூமியைப் படம் எடுத்த முதல் பொதுப் பயன் செயற்கைக் கோள் அமெரிக்காவின் 'சீசாட்'. 1978 ஜூன் மாதம் ஏவப்பட்ட அது சுமார் 105 நாட்களே வேலை செய்தது. ஆனால் வழி திறந்துவிட்டது.

மயிலாப்பூர் குளம் சொல்லும் பாடம்

ரேடார் படத்தைப் புரிந்துகொள்ள, சென்னைக்கு வந்து போகிறவர்கள் அறிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் தண்ணீர், சுற்றிலும் தெருக்கள், நெருக்கமான வீடுகள்.

ரேடார் அலை நேர் கீழாக வருவதில்லை, சாய்வாக வருகிறது. அலையடிக்காமல் நிற்கும் குளத்து நீர் நிலைக்கண்ணாடி போல இருப்பதால், பட்ட அலை எதிர்ப்பக்கமாக வழுக்கிப் போய்விடுகிறது. கோளுக்குத் திரும்பி வருவது மிகக் குறைவு. எனவே குளம் கறுப்பாகத் தெரியும்.

சுற்றியுள்ள வீடுகள் அப்படி அல்ல. சுவரும் தரையும் சேரும் மூலையில் ஒரு பந்தை எறிந்து பாருங்கள். தரையில் பட்டு, சுவரில் பட்டு, எறிந்தவரிடமே திரும்பி வரும். ரேடார் அலையும் அவ்விதமே இரண்டு முறை துள்ளி, வந்த வழியே போய்விடுகிறது. ஆகவே மயிலாப்பூர் வீதிகளும் தியாகராய நகர் கடை வீதிகளும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அடையாறு கழிமுகத்தை ஒட்டியுள்ள தியோசபிகல் சொசைட்டித் தோட்டத்தின் மரங்கள் போன்ற தோப்புகளில் அலை இலையிலும் கிளையிலும் பட்டு நாலா பக்கமும் சிதறுகிறது. அவை சாம்பல் நிறமாகத் தெரியும்.

ஆக மூன்று அடையாளங்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அசையாத தண்ணீர் கறுப்பு. செடி, மரம் சாம்பல். சுவர் போல நிமிர்ந்து நிற்பது வெள்ளை. இந்த மூன்றும்தான் நெல் வயலிலும் மாறி மாறி வருகின்றன.

அடையாற்று வெள்ளம் காட்டியது

2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையைச் சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை புரண்டு ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. வானம் முழுவதும் மேகம். இப்படிப்பட்ட நாட்களில் வெள்ளப் பரப்பை வானிலிருந்து அளக்க உதவக்கூடியவை ரேடார் படங்களே. ஆற்றோரத் திறந்த வெளிகள், சதுப்பு நிலங்கள், புறநகர் வயல்கள் ஆகியவற்றில் நின்ற வெள்ளம் இவற்றில் கறுப்பாகத் தெரியும்.

ஆனால் நகரத்துக்குள் ரேடாருக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. தியாகராய நகர் 1920களில் ஒரு பெரிய ஏரியை வற்றச் செய்து அமைத்த பகுதி. மழை பலத்தால் இன்றும் அங்கே பல தெருக்களில் தண்ணீர் தேங்கும். ஆயினும் இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் நிற்பதால், சந்தில் நிற்கும் தண்ணீரைக் கட்டடங்களின் வெள்ளை எதிரொலி மூடிவிடுகிறது. முழங்கால் அளவு நீர் நின்றாலும் படத்தில் சரியாகத் தெரியாது.

வயல்வெளியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே கட்டடம் இல்லை, மறைப்பு இல்லை. நகரத் தெருவைவிட நன்செய் வயலையே ரேடார் நன்றாகப் பார்க்கிறது. இனி வயலுக்கு வருவோம்.

நெல் வயல் எப்படித் தெரியும்?

நடவுக்கு முன் சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டுகிறோம். அப்போது வயல் ஒரு சிறு குளம். ரேடார் படத்தில் கறுப்பு. நட்ட முதல் சில நாட்களில் நாற்று மெலிதாக இருப்பதால் கறுப்பு அதிகம் மாறாது.

பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டத் தொடங்கியதும், தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும் தண்டுகள் சுவர் போல வேலை செய்கின்றன. அலை தண்ணீரில் பட்டு, தண்டில் பட்டுத் திரும்புகிறது. இலையும் பெருகுகிறது. எனவே நாளாக நாளாக வயல் வெளுத்துக்கொண்டே வரும். பூக்கும் பருவத்தை ஒட்டி இந்த வெளுப்பு உச்சத்துக்கு வரும். பிறகு கதிர் முற்றி, இலை காய்ந்து, தண்ணீரும் வடிக்கப்படும்போது நிறம் மீண்டும் மாறும். அறுவடைக்குப் பின் வெறும் தாள்.

கறுப்பிலிருந்து வெளுப்புக்குப் போகும் இந்த வரிசைதான் நெல்லின் அடையாளம். கரும்புக்கோ, வாழைக்கோ, உளுந்துக்கோ இந்த வரிசை வராது. ஆகவே ஒரே ஒரு படத்தைப் பார்த்து நெல் என்று சொல்வதில்லை. 12 நாளுக்கு ஒரு படமாகப் பருவம் முழுவதும் எடுத்து, அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்துத்தான் 'இந்த இடத்தில் நெல் நடப்பட்டது. ஏறக்குறைய இந்தத் தேதியில் நடப்பட்டது' என்று முடிவு செய்கிறார்கள்.

வெள்ளச் சேதத்தையும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம். முந்தைய படத்தில் வெளுத்திருந்த வயல் அடுத்த படத்தில் திடீரென்று கறுத்துப்போனால், பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது என்று பொருள். ஐப்பசி கடந்தும் நடவின் அடையாளமே வராத வயல், தரிசாகக் கிடந்தது என்று பொருள்.

ஏக்கருக்குப் பத்துக் கட்டம்

எவ்வளவு சிறிய வயல் தெரியும் என்று விவசாயிகள் கேட்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் 'சென்டினல்-1' கோள்களின் படங்களைப் பொதுவாக 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டங்களாக்கிப் பயன்படுத்துகிறார்கள். ஒரு கட்டம் 400 சதுர மீட்டர். அதாவது ஏறத்தாழ 10 சென்ட். ஓர் ஏக்கர் வயலில் சுமார் பத்துக் கட்டங்கள் விழும்.

ஆனால் பத்தும் சுத்தமான கட்டங்களாக இருக்கா. வரப்பு, வாய்க்கால், வரப்போரத் தென்னை, பக்கத்து வயல் ஆகியவை ஓரக் கட்டங்களில் கலந்துவிடும். மேலும் ரேடார் படத்தில் மிளகுத் தூளைத் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும். அவற்றைத் தணிக்க அண்டைக் கட்டங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். ஆகையால் 20, 30 சென்ட் வைத்திருப்பவரின் தனி வயலை இந்தப் படம் நம்பகமாகச் சொல்லிவிடும் என்று நினைக்கக் கூடாது. ஒரு கிராமத்தில் எத்தனை ஏக்கர் நடப்பட்டது, எத்தனை ஏக்கர் மூழ்கியது என்பதை அது நன்றாகச் சொல்லும்.

நம் மாநிலத்தில் நடந்தது

விவசாயத்துக்காக வானிலிருந்து பார்ப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1970ஆம் ஆண்டை ஒட்டி, பேராசிரியர் பிஷாரோட்டியின் தலைமையில் கேரளத்துத் தென்னை வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து படம் எடுத்து ஆராய்ந்தார்கள். நாட்டின் தொலையுணர்வு ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம் எனலாம். சென்னையில் அடையாற்றின் தென்கரையை ஒட்டிய கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வுக்கென்றே ஒரு நிறுவனம் 1980களிலிருந்து இயங்கி வருகிறது.

நெல்லுக்கு ரேடார் படம் என்ற முயற்சி 2012ஐ ஒட்டித் தொடங்கியது. கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், சுவிட்சர்லாந்து அரசின் வளர்ச்சி உதவி முகமை முதலியவை சேர்ந்து 'ரைஸ்' என்ற திட்டத்தை நடத்தின. ரேடார் படத்திலிருந்து நட்ட தேதியையும் இலைப் பெருக்கத்தையும் எடுத்து, வெயில், மழை, மண் விவரங்களோடு சேர்த்து, பயிர் வளர்ச்சிக் கணக்கில் இட்டு மகசூலை மதிப்பிடுவது அதன் முறை. விஞ்ஞானிகள் வயலுக்கே சென்று அளந்த விவரங்களோடு இதை ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள்.

இதற்குப் பெரிய சோதனை 2016ஆம் ஆண்டில் வந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதிகூடப் பெய்யவில்லை. காவிரியிலும் தண்ணீர் இல்லை. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. பல கிராமங்களில் சம்பா விதைக்கவே முடியவில்லை. 'பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம்' தொடங்கிய ஆண்டும் அதுதான். விதைப்புத் தவறிய கிராமங்கள் எவை என்பதைக் கண்டறிய வேளாண்மைப் பல்கலைக்கழகம் தயாரித்த ரேடார் விவரங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பயன்பட்டன. நேரில் ஒவ்வொரு கிராமமாகப் போய்ப் பார்த்து முடிப்பதற்கு முன்பே இழப்பீட்டை முடிவு செய்ய வழி பிறந்தது.

இத்திட்டத்தின் விதிப்படி, காப்பீட்டு அலகாக அறிவிக்கப்பட்ட கிராமத்தில் 75 சதவீதத்துக்கு மேல் பரப்பு விதைக்கப்படாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் இழப்பீடாகக் கிடைக்கும். அத்துடன் அப்பருவத்துக்கான காப்பீடு முடிந்துவிடும்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன கோள்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. இந்தியாவிலேயே தயாரான முதல் ரேடார் படக் கோளான 'ரிசாட்-1' அங்கிருந்து 2012 ஏப்ரல் 26ஆம் தேதி ஏவப்பட்டது. எடை 1,858 கிலோ. 2016இல் அதன் பணி முடிந்தது. அந்த வழியில் அடுத்து வந்த 'ஈ.ஓ.எஸ்-04' 2022 பிப்ரவரி 14ஆம் தேதி ஏவப்பட்டது. 2025 மே 18ஆம் தேதி ஏவிய 'ஈ.ஓ.எஸ்-09' ராக்கெட் கோளாறால் சுற்றுப் பாதையை அடையவில்லை.

2025 ஜூலை 30ஆம் தேதி இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த 'நிசார்' கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. எடை 2,392 கிலோ. 12 மீட்டர் அகலக் குடை போன்ற ஆண்டெனாவை வானில் விரித்து, 12 நாளுக்கு ஒரு முறை அதே பாதையில் வரும்படி அமைக்கப்பட்டது.

நிசாரில் இரண்டு வகை அலைகள் உண்டு. அலையின் நீளத்தைச் சல்லடைக் கண்ணுக்கு ஒப்பிடலாம். சென்டினல் கோளின் அலை நீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், அது நெல் இலை, தண்டு அளவிலேயே நன்கு வேலை செய்யும். நிசாரின் நீண்ட அலை சுமார் 24 சென்டிமீட்டர். அது இலைத் தழையை ஊடுருவிக் கிளை, தண்டு, மேல் மண் வரை எட்டும். மண்ணின் ஈரத்தை அறிய இது உதவும். புன்செய் விவசாயிகளுக்கும் நாளடைவில் இதனால் பயன் உண்டு.

காப்பீட்டுக் கணக்கில் எங்கே வருகிறது?

மகசூல் இழப்பைக் கணக்கிடப் 'பயிர் அறுவடைப் பரிசோதனை' நடத்துவதை விவசாயிகள் அறிவார்கள். நெல்லுக்கு 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் அளந்து அறுத்து எடை போடுகிறார்கள். ஒரு கிராமத்துக்கு நான்கு பரிசோதனை என்றால் மொத்தம் 100 சதுர மீட்டர்; அதாவது இரண்டரை சென்ட். நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு இந்த இரண்டரை சென்ட்தான் பேசுகிறது. அந்த இடம் மேடா பள்ளமா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறிவிடும்.

இதைச் சமன் செய்யத்தான், 2023 காரீப் பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் தொலையுணர்வு முறையில் மதிப்பிட்ட மகசூலுக்குக் குறைந்தது 30 சதவீத எடை தர வேண்டும் என்று மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. இதன் பொருளை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே.

கிராமத்தின் உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ என்றும், காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றும் கொள்வோம். ராபி பருவ நெல்லுக்கு விவசாயியின் பங்கு அதிகபட்சம் 1.5 சதவீதம், அதாவது 450 ரூபாய். அறுவடைப் பரிசோதனையில் 1,400 கிலோ கிடைத்தால் குறைவு 600 கிலோ, 30 சதவீதம். இழப்பீடு 9,000 ரூபாய். தொலையுணர்வு மதிப்பீடு 1,600 கிலோ என்று வந்தால், 1,400இல் 70 சதவீதமும் 1,600இல் 30 சதவீதமும் சேர்த்து 1,460 கிலோ ஆகிறது. குறைவு 27 சதவீதம். இழப்பீடு 8,100 ரூபாய். தொலையுணர்வு மதிப்பீடு 1,200 கிலோ என்று வந்திருந்தால் கணக்கு 1,340 கிலோவாகி, இழப்பீடு 9,900 ரூபாயாக உயரும்.

ஆகவே கோள் விவசாயிக்குச் சாதகமாகவும் சொல்லலாம், பாதகமாகவும் சொல்லலாம். அதற்கு நம்மிடம் பகையும் இல்லை, பரிவும் இல்லை. அது பார்க்கத் தவறும் இடங்களை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எதைப் பார்க்காது?

முதலாவது, இரு படங்களுக்கு இடையில் வந்து போகும் வெள்ளம். ஒரு கோள் 12 நாளுக்கு ஒரு முறை வருகிறது. அது போன மறுநாள் மழை பெய்து, ஐந்து நாள் பயிர் மூழ்கி, பிறகு தண்ணீர் வடிந்துவிட்டால், அடுத்த படத்தில் தண்ணீர் தெரியாது. அழுகிப்போன பயிரின் மெலிவு ஓரளவு தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

இரண்டாவது, நேரடி விதைப்பு. புழுதியில் விதைத்த வயலில் தொடக்கத்தில் தண்ணீர் கட்டுவதில்லை. நெல்லின் முதல் அடையாளமான கறுப்பு அங்கே வருவதில்லை. ஆகையால் நட்ட வயலைவிட நேரடி விதைப்பு வயலைக் கண்டுபிடிப்பது கடினம். தாமதமாகவும் கண்டுபிடிக்கப்படும்.

மூன்றாவது, மணியின் தரம். பூக்கும்போது பெய்த மழையால் பதர் ஆனதையும், அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே நெல் முளைத்ததையும் கோள் பார்க்காது. 2021 ஜனவரியில் டெல்டாவில் பெய்த பருவம் தவறிய மழையில் முற்றிய சம்பாப் பயிர் சாய்ந்து கெட்டதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். வெளியே பார்க்கத் தழை நிறைந்த பயிர். உள்ளே மணி இல்லை. இத்தகைய இழப்புக்கு நேரடிப் பரிசோதனையே சாட்சி.

நான்காவது, தனி வயல். காப்பீட்டில் விதைப்பு இழப்பும் மகசூல் இழப்பும் கிராம அளவில்தான் கணக்காகின்றன. பள்ளத்தில் உள்ள நம் வயல் மட்டும் மூழ்கி, ஊர் வயல்கள் தப்பியிருந்தால், கிராமச் சராசரியில் நம் இழப்பு கரைந்துவிடும். இது கோளின் குறை அல்ல. கணக்கிடும் முறையின் குறை. என்றாலும் பாதிப்பு விவசாயிக்கே.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. அடங்கலைச் சரிபார்க்கவும். சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு நான்கும் வயலில் உள்ளபடி இருக்க வேண்டும். இரண்டு ஏக்கர் நட்டு மூன்று ஏக்கருக்குக் காப்பீடு செய்தால், படமும் அடங்கலும் ஒத்துப்போகாமல் உள்ளதற்கும் தகராறு வரும்.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடவும். நாற்று விட்ட தேதி, நட்ட அல்லது விதைத்த தேதி, வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதி, வயல் மூழ்கிய தேதி, வடிந்த தேதி ஆகியவற்றை அன்றன்றே எழுதவும். கோள் தவறவிட்ட நாட்களுக்கு இதுவே ஆதாரம்.

3. வயல் மூழ்கினால் அன்றே கைபேசியில் படம் எடுக்கவும். தேதியும் இடமும் பதிவாகும்படி எடுப்பது நல்லது. மோட்டார் கொட்டகை, பாலம், மின்கம்பம் போன்று மாறாத ஓர் அடையாளம் படத்தில் இருக்கட்டும்.

4. நேரடி விதைப்புச் செய்தவர்கள் அதை உதவி வேளாண்மை அலுவலரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளவும்.

5. காப்பீட்டுக்குக் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். ரசீதில் கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே படித்துப் பார்க்கவும். பக்கத்துக் கிராமத்தின் பெயர் விழுந்துவிட்டால், அந்தக் கிராமத்தின் கணக்குதான் உங்களுக்கும்.

6. அறுத்து வயலில் காயவைத்த நெல் மழையில் கெட்டால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற பயிர்க் காப்பீட்டு உதவி எண்ணிலும், வங்கியிலும், வேளாண்மை விரிவாக்க மையத்திலும் தெரிவிக்கலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளவும்.

7. அறுவடைப் பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டறிந்து, ஊரில் நாலைந்து பேராவது நேரில் நிற்கவும். எடை, ஈரப்பதம், சர்வே எண் ஆகியவற்றை எழுதிக்கொள்ளவும்.

8. இழப்பீடு வந்தாலும் வராவிட்டாலும், கிராமத்தின் உத்தரவாத மகசூல், பரிசோதனை மகசூல், தொலையுணர்வு மகசூல் மூன்றையும் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். உங்கள் கிராமத்தில் தொலையுணர்வுக் கணக்கு சேர்க்கப்பட்டதா என்றும் கேட்கவும். எண்கள் கையில் இருந்தால்தான் முறையீடு செய்ய முடியும். தனியாகக் கேட்பதைவிட நாலு பேர் சேர்ந்து கேட்பது நல்லது.

நம் வயல் நட்ட வயலா, தரிசா, மூழ்கியதா என்று மேகத்துக்கு மேலிருந்து சொல்ல இன்று ஒரு சாட்சி இருக்கிறது. அந்தச் சாட்சிக்கு நம் பெயர் தெரியாது. சர்வே எண் தெரியாது. அது வராத நாட்களில் நடந்தது எதுவும் தெரியாது. அவற்றை அடங்கலிலும் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைப்பது நம் வேலை. இந்தப் பருவத்து நடவு தேதியிலிருந்தே அதைத் தொடங்கலாம்.